எள்ளும் இனிப்பு நீரும்: தட்டில் இருக்க வேண்டியதா, மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டியதா?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. உடல் மெலிந்தவன் தேற வேண்டுமானால் எள்ளைக் கொடு, தடித்தவன் குறைய வேண்டுமானால் கொள்ளைக் கொடு என்பது அதன் பொருள். ஆனால் இன்று கைத்தொலைபேசியில் வலம் வரும் செய்திகளோ இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், ஒரு கைப்பிடி கறுப்பு எள் மென்றால் கொழுப்பு கரையும், மருந்தே தேவைப்படாது என்று புலனக் குழுக்களில் நாள்தோறும் யாராவது ஒருவர் அனுப்பி வைக்கிறார். அதைப் படித்துவிட்டு மாத்திரையை ஓரமாக வைப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அந்தச் செய்திகள் முழுப் பொய் என்றால் அவற்றைத் தள்ளிவிடுவது எளிது. சிக்கல் என்னவென்றால் அவற்றில் ஓரளவு உண்மையும் கலந்திருக்கிறது. எள்ளைப் பற்றி விஞ்ஞானிகள் உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. சிலவற்றில் எதுவும் தெரியவில்லை. எது எந்த அளவுக்கு உண்மை என்பதைத் தெரிந்துகொள்வது நம் சமூகத்திற்கு மிகவும் அவசியம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது என்றாலும் இந்தியர்களே தொடர்ந்து முதலிடத்தில் இருந்தனர். சிங்கப்பூரிலும் இதே கதைதான். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மக்கள்தொகையில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தபோது, இந்தியர்களிடம் அது 17.2 விழுக்காடாக இருந்தது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகக் காரணமாக இருப்பது இனிப்பு நீர்தான். ஆக, மாத்திரைக்குப் பதில் எள் என்ற பேச்சு வெறும் வீட்டு வைத்தியப் பேச்சாக முடிந்துவிடுவதில்லை.

எள்ளுக்குள் என்ன இருக்கிறது?

எண்ணெய் என்ற சொல்லே எள்ளிலிருந்து பிறந்தது. எள் + நெய் = எண்ணெய். பிறகு வந்த எல்லா எண்ணெய்களும் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டன. பெயருக்கேற்ப எள்ளின் எடையில் பாதி கொழுப்புதான். 100 கிராம் எள்ளில் சுமார் 50 கிராம் கொழுப்பும், 17 கிராமுக்கு மேல் புரதமும், 23 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. அந்த 23 கிராமிலும் சுமார் 12 கிராம் நார்ச்சத்து. அது செரித்துச் சர்க்கரையாக மாறுவதில்லை. எனவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடிய பகுதி எள்ளில் மிகக் குறைவு. சோற்றோடும் ரொட்டி சானாயோடும் ஒப்பிட்டால் எள் நீரிழிவுக்காரருக்கு நண்பன் என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் இதே 100 கிராமில் ஏறத்தாழ 570 கலோரி அடங்கியிருக்கிறது. பழமொழி சொன்னவர்களுக்குக் கலோரி கணக்குத் தெரியாது. ஆனாலும் இளைத்தவனைத் தேற்றும் பொருள் எது என்று அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். நமது நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோர் இளைத்தவர்கள் அல்லர். வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்கள். அவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு அந்தச் சதையும் ஒரு முக்கியக் காரணம். வழக்கமான சாப்பாட்டையும் குறைக்காமல் அதற்கு மேல் எள்ளையும் சேர்த்துக்கொண்டால், பலன் எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எள்ளின் கொழுப்பு எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 14 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. நம் சமையலறைகளில் அதிகம் புழங்கும் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அதைவிடவும் மிக அதிகம். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நிறைவுறாத கொழுப்பை வைத்தால் எல்.டி.எல் எனப்படும் கெட்ட கொழுப்பு குறையும் என்பது பல்லாண்டு ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட உண்மை. அந்த இடத்தில் என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால்தான் அந்தப் பலன். இருப்பதன் மேல் ஊற்றினால் அல்ல.

எள்ளுக்கே உரிய இன்னொரு சிறப்பும் உண்டு. செசமின், செசமோலின் என்ற இரு பொருள்கள் அதில் இருக்கின்றன. இவை லிக்னன் என்ற வகையைச் சேர்ந்தவை. எள்ளை வறுக்கும்போது செசமோலினிலிருந்து செசமோல் என்ற பொருள் உண்டாகிறது. எள் எண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல் விரைவில் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கு இந்தப் பொருள்களே துணை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் எலிகளுக்குச் செசமின் கொடுத்துப் பார்த்தபோது, குடலிலிருந்து கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவது குறைந்ததைக் கண்டனர். எள்ளுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்ற பேச்சு உலகெங்கும் பரவியதற்கு இத்தகைய ஆய்வுகளே வித்திட்டன. ஆனால் எலிக்குக் கொடுப்பது பிரித்தெடுத்த செசமின். மனிதன் தின்பது முழு எள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

தாவரங்களில் உள்ள ஸ்டெரால் என்ற பொருளும் எள்ளில் ஏராளம். கடலை, விதை வகைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் எள் முன்வரிசையில் இருந்தது. 100 கிராமுக்குச் சுமார் 400 மில்லிகிராம். இந்த ஸ்டெரால் பார்ப்பதற்குக் கொலஸ்ட்ராலின் உடன்பிறப்புப் போல இருக்கும். குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. கெட்ட கொழுப்பு 10 விழுக்காடு அளவுக்குக் குறைய வேண்டுமானால் ஒரு நாளைக்குச் சுமார் 2,000 மில்லிகிராம் ஸ்டெரால் தேவை. மூன்று மேசைக்கரண்டி எள்ளில் கிடைப்பதோ ஏறக்குறைய 110 மில்லிகிராம். 2,000 மில்லிகிராமையும் எள்ளிலிருந்தே பெற வேண்டுமானால் தினமும் அரைக்கிலோ எள் தின்ன வேண்டும்!

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

மனிதர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் இரண்டை அடுத்தடுத்துப் படித்தால் விஷயம் நன்றாக விளங்கும். தைவானில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. மாதவிடாய் நின்ற பெண்கள் 24 பேர் தினமும் 50 கிராம் எள் பொடியை 5 வாரங்களுக்குச் சாப்பிட்டனர். ஒப்பிட்டுப் பார்க்க அதே பெண்களுக்கு வேறு 5 வாரங்கள் அரிசிப் பொடி கொடுக்கப்பட்டது. எள் சாப்பிட்ட காலத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5 விழுக்காடும், கெட்ட கொழுப்பு 10 விழுக்காடும் குறைந்தன. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின.

மூன்றாண்டுகள் கழித்து, 2009இல், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மற்றோர் ஆய்வு வந்தது. பருமனான ஆண்களும் பெண்களும் 30 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டனர். அவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் எள், அதே 5 வாரங்கள். எள்ளின் லிக்னன் உடலில் சேர்ந்தது என்பதற்குச் சிறுநீரில் அடையாளம் கிடைத்தது. ஆனால் கொழுப்பு அளவுகளில் மாற்றமே இல்லை. இரத்த அழுத்தத்திலும் இல்லை. முதல் ஆய்வைப் பற்றி எழுதியவர்கள் இரண்டாவது ஆய்வைப் பற்றி அவ்வளவாக வாய் திறக்கவில்லை. புலனத்தில் வலம் வரும் செய்திகளில் அது இடம்பெறுவதே இல்லை.

இரண்டும் முரண்படுகின்றனவா? அப்படியும் சொல்ல முடியாது. ஒன்றில் 50 கிராம், மற்றொன்றில் பாதி. ஒன்றில் ஆரோக்கியமான பெண்கள், மற்றொன்றில் உடல் பருமனானவர்கள். இரண்டிலுமே ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. தைவான் பெண்களைப் போல் தினமும் 50 கிராம் எள் சாப்பிடுவதென்றால் அதிலேயே 285 கலோரி போய்விடும். இரண்டு கிண்ணம் சோறு தின்பவர் ஒரு கிண்ணத்தைக் குறைத்தால்தான் அந்தக் கணக்குச் சரியாகும்.

மேற்சொன்ன இரண்டும் நீரிழிவு நோயாளிகளுக்கென நடந்தவை அல்ல. நீரிழிவு நோயாளிகளிடம் நடந்தவற்றில் ஈரானின் ஆய்வு கவனிக்கத்தக்கது. அங்கே எள்ளை விழுதாக அரைத்து அர்தே என்ற பெயரில் காலை உணவாக உண்பது வழக்கம். அரபு நாடுகளில் தஹினி என்று சொல்வதும் இதுதான். 2013இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்குக் காலை உணவில் ஒரு பகுதிக்குப் பதிலாக 28 கிராம் அர்தே 6 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. டிரைகிளிசரைடு எனப்படும் கொழுப்பு அவர்களுக்குக் குறைந்தது. இங்கும் பதிலாக என்பதே முக்கியம். காலையில் ரொட்டியோ இனிப்போ சாப்பிடும் இடத்தில் எள் விழுது வந்தது. டிரைகிளிசரைடு நம் இந்தியச் சமூகத்தினரிடம் அதிகமாகக் காணப்படும் கொழுப்பு. மாவுச்சத்தும் சீனியும் மிகுந்த உணவே அதை ஏற்றிவிடுகிறது. அதனால் மாவுச்சத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு எள்ளை வைத்தால் டிரைகிளிசரைடு குறைவது வியப்பல்ல. பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் வெளியான தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. எள்ளால் டிரைகிளிசரைடு சற்றுக் குறைகிறது, ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலும் கெட்ட கொழுப்பிலும் நல்ல கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது அதன் முடிவு.

தமிழகத்திலிருந்தும் ஓர் ஆய்வு உண்டு. நம்மவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்லெண்ணெயை வைத்துப் பல ஆய்வுகள் செய்தனர். 2011இல் வெளியான ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு நல்லெண்ணெய் மட்டும், ஒரு பிரிவுக்குக் கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 60 நாட்கள் கழித்துப் பார்த்தபோது இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. அவர்களின் இரத்தச் சர்க்கரை 36 விழுக்காடும், ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி அளவு 43 விழுக்காடும் குறைந்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

இதைப் படிப்பவர் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மாத்திரையோடு சேர்ந்துதான் எண்ணெய் அதிகப் பலன் தந்தது. மாத்திரையை விட்டுவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டாவது, யாருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. எண்ணெயை வாங்கிக்கொண்டவர் அதே உற்சாகத்தில் சோற்றையும் குறைத்திருக்கலாம், நடக்கவும் தொடங்கியிருக்கலாம். மூன்றாவது, அந்த 43 விழுக்காடு. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. எனவே 60 நாட்களில் பழைய கணக்கு முழுவதும் அழிந்திருக்காது. 10 என்று இருந்த அளவு இரண்டே மாதங்களில் 5.7க்கு இறங்குவது வலுவான மருந்துகளுக்கே அரிது. ஒரே ஆய்வில் இவ்வளவு பெரிய பலன் வரும்போது, வேறு இடத்தில் வேறு ஆட்களிடம் அது மீண்டும் வருகிறதா என்று பொறுத்துப் பார்ப்பதே விவேகம். பின்னர் வந்த சிறு ஆய்வுகளும் தொகுப்பாய்வுகளும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைவதைக் காட்டுகின்றன. ஆனால் ஆய்வுகளின் எண்ணிக்கை சிறிது, தரமும் சீராக இல்லை.

சர்க்கரை எப்படிக் குறைகிறது?

எள்ளில் சர்க்கரையை விரட்டும் மந்திரப் பொருள் எதுவும் இருப்பதாக உறுதிப்படவில்லை. நடப்பது பெரும்பாலும் எளிய விஷயம். உணவில் கொழுப்பும் புரதமும் நாரும் சேரும்போது இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் வரும் சர்க்கரை ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வயிறு நிறைந்த உணர்வும் நீடிப்பதால் அடுத்த இட்லிக்குக் கை நீளாமல் இருக்கிறது. எள்ளில் மெக்னீசியமும் நிறைய உண்டு, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு. மெக்னீசியம் குறைவாக உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்பதால் அதுவும் சிறிது உதவக்கூடும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. இரத்தச் சர்க்கரையை அளக்கும் சிறு கருவி இப்போது பல வீடுகளில் உண்டு. ஒரு நாள் மூன்று இட்லியைச் சட்னியோடு சாப்பிட்டு, சாப்பிடுவதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மற்றொரு நாள் ஒரு இட்லியைக் குறைத்து, இரண்டு இட்லியோடு எள்ளுப் பொடி ஒரு மேசைக்கரண்டி வைத்துச் சாப்பிட்டு அதேபோல் அளக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் தன் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும். வித்தியாசத்தில் பெரும்பங்கு எள்ளால் வந்ததா, குறைத்த இட்லியால் வந்ததா என்று கேட்டால், குறைத்த இட்லியால் என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருந்தாலும் அந்த இட்லியை மனக்குறையின்றிக் குறைக்க வைத்தது எள்ளுப் பொடியின் ருசிதானே!

எள்ளுருண்டையும் கோயே போமும்

எள் நல்லது என்றவுடன் பலருக்கு எள்ளுருண்டைதான் நினைவுக்கு வருகிறது. "வெல்லம்தானே போடுகிறோம், சீனி இல்லையே" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். வெல்லமும் கருப்பட்டியும் இரத்தத்தில் போய்ச் சேரும்போது சர்க்கரையாகத்தான் சேருகின்றன. எள்ளும் வெல்லமும் சம அளவில் பிடித்த 20 கிராம் உருண்டை ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் வெல்லம், அதாவது இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். மாலைத் தேநீரோடு மூன்று உருண்டை என்றால் ஆறு தேக்கரண்டி. அதற்கு மேல் அந்தத் தேநீர் தே தாரிக்காக இருந்துவிட்டால் கணக்கை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

மலாய்க் கடைகளில் எள் ஒட்டி விற்கும் கோயே போம், பசையரிசி மாவில் இனிப்பை வைத்து எண்ணெயில் பொரித்தது. மேலே ஒட்டியிருக்கும் எள்ளை மட்டும் பார்த்து அதை ஆரோக்கிய உணவு என்று நினைக்கக் கூடாது. சீனர்கள் விரும்பி உண்ணும் கறுப்பு எள் கூழும் கடையில் பொட்டலமாக வாங்கும்போது பெரும்பாலும் சீனி கலந்தே வருகிறது. பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதில் முதலில் எழுதப்பட்டிருப்பதே அதிகம் கலந்திருப்பது. சீனி முதலில் இருந்தால் பொட்டலத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

எண்ணெயிலும் குழப்பம் உண்டு. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. சீனச் சமையலில் கடைசியாகச் சில துளிகள் விடும் கரும்பழுப்பு எள் எண்ணெய், வறுத்த எள்ளிலிருந்து மணத்துக்காக எடுப்பது. மலாய் மொழியில் மிஞாக் பீஜான் என்று இரண்டையுமே சொல்லிவிடுகிறார்கள். பேரங்காடிகளில் விற்கும் சில போத்தல்களில் எள் எண்ணெயோடு சோயா போன்ற வேறு எண்ணெயும் கலந்திருக்கும். கலப்பு என்று போத்தலில் அச்சிட்டிருந்தாலும் சிறிய எழுத்தில் இருப்பதால் பலர் பார்ப்பதில்லை.

வெறும் வயிற்றில் எண்ணெய் குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. குடித்துவிட்டு வழக்கம்போல் வடையும் வறுத்த மீனும் சாப்பிடுபவருக்கு, உடம்பில் கொழுப்புக் கூடுமே தவிரக் குறையாது. தாளிக்கவும் வதக்கவும் செம்பனை எண்ணெய் விடும் இடத்தில், அதே அளவு அல்லது அதைவிடக் குறைவாக நல்லெண்ணெய் விடுவதே பொருளுள்ள மாற்றம். விலை கூடுதல் என்பது உண்மைதான். விலை கூடினால் கை சுருங்கும் என்பதும் ஒரு நன்மையே.

எவ்வளவு, எப்படி?

ஒரு மேசைக்கரண்டி எள் ஏறக்குறைய 9 கிராம். அதில் 50 கலோரிக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி என்பது பெரும்பாலான நீரிழிவுக்காரர்களுக்கு நியாயமான அளவு. முழு எள்ளைத் தூவிச் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி மெல்லப்படாமலே வயிற்றைக் கடந்து போய்விடும். வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, ஆறவைத்து, கொரகொரப்பாகப் பொடித்து உண்பதே சிறந்தது. காய்ந்த மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, சிறிது உளுத்தம்பருப்புச் சேர்த்தால் இட்லிப் பொடி. உப்பைக் குறைத்துக்கொள்வது இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு நல்லது. கீரைக் கூட்டு, பயற்றங்காய்ப் பொரியல், வெள்ளரிக்காய்ப் பச்சடி ஆகியவற்றின் மேல் இதைத் தூவலாம். தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக எள்ளும் தக்காளியும் வதக்கி அரைத்த துவையல் வைத்தால், தேங்காயின் நிறைவுற்ற கொழுப்பும் குறையும், எள்ளின் நன்மையும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கறுப்பு எள்தான் மருந்து, வெள்ளை எள் வீண் என்பதும் பரவலான எண்ணம். சர்க்கரை, கொழுப்பு விஷயத்தில் கறுப்பு உயர்ந்தது என்று காட்ட உறுதியான ஆதாரம் இல்லை. வேறுபாடு தோலில்தான் இருக்கிறது. கறுப்பு எள் பெரும்பாலும் தோலோடு விற்கப்படுகிறது. பளபளவென்று இருக்கும் வெள்ளை எள் பெரும்பாலும் தோல் நீக்கியது. சுண்ணாம்புச் சத்தும் நாரும் தோலில் அதிகம். 100 கிராம் தோலுள்ள எள்ளில் சுண்ணாம்புச் சத்து 975 மில்லிகிராம் வரை உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் உடம்பு முழுவதையும் உறிஞ்சிக்கொள்ள முடியாது. பாலுக்கு மாற்று எள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தோலுள்ள எள்ளை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எள்ளைத் தாமாகவே கூட்டிக்கொள்ளக் கூடாது. எள்ளில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கணிசமாக இருக்கின்றன. பழுதான சிறுநீரகம் அவற்றை வெளியேற்ற முடியாமல் திணறும். இவர்கள் மருத்துவமனை உணவியல் நிபுணரைக் கேட்டுத்தான் எள் சேர்க்க வேண்டும்.

எள் ஒவ்வாமையும் உண்டு. சிலருக்கு உதடு வீங்கும், தடிப்பு வரும், அரிதாக மூச்சுத் திணறலும் ஏற்படும். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல், உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக எள் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைக் கணிசமாகக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எள்ளும் காய்கறியும் சேர்த்தால், சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே ஏதேனும் இனிப்பு அருந்த வேண்டும். உணவில் பெரிய மாற்றம் செய்யும் முன் மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையின் அளவை அவர் சரிசெய்து கொடுப்பார். குறைப்பதும் கூட்டுவதும் அவர் வேலை.

"எள் சாப்பிடுகிறேன், கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?" என்ற கேள்விக்கும் எண்களே பதில் சொல்லும். ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் கெட்ட கொழுப்பை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கின்றன. எள்ளின் மிகச் சிறந்த ஆய்வு முடிவு 10 விழுக்காடு, அதுவும் ஒரு நாளைக்கு 50 கிராம் சாப்பிட்டு. ஈப்போவிலோ கிள்ளானிலோ 55 வயதுடைய ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கெட்ட கொழுப்பு 4.2 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். நீரிழிவு உள்ள அவருக்கு அது 2.6க்குக் கீழே வர வேண்டும். இதய நோய் ஆபத்து அதிகமென்றால் 1.8க்கும் கீழே. எள்ளால் அதிகபட்சமாக 3.8க்கு வரலாம். மாத்திரையால் 2.1 வரை வரலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் மாரடைப்பும் பக்கவாதமும் காத்திருக்கின்றன. மாத்திரையோடு எள்ளையும் வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை.

எள் சேர்க்கத் தொடங்குவோர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு அளவை 6 முதல் 12 வாரங்கள் கழித்தும், ஹெச்பிஏ1சியை மூன்று மாதங்கள் கழித்தும் பார்த்தால் மாற்றம் தெரியும். எடையையும் வாரம் ஒரு முறை பார்ப்பது அவசியம். எடை ஏறிக்கொண்டே போனால் எள் வேறொன்றுக்குப் பதிலாக வரவில்லை, கூடுதலாக வந்திருக்கிறது என்று பொருள். பொடியைச் சிறிது சிறிதாகவே அரைக்க வேண்டும். நமது புழுக்கமான வானிலையில் அரைத்த எள் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரங்களுக்கு வாசம் மாறாமல் இருக்கும்.